சாப்பிட்டு வரச் சொன்ன சனிக்கிழமை

சாம்பியன் ரீஃப்ஸ்
9 ஜூன் 2024

நேசமணிக்கு,

போன் செய்தால் "இதோ லவினாகிட்ட குடுக்கறேன்" என்கிறாய். நம் மகள் "அப்பா, பாப்பா அழுவுது" என்று வைத்துவிடுகிறாள். ஆகவே கடிதம். இதை இன்னொருவர் கையில் கொடுத்துவிட்டு நீ நகர முடியாது.

லவினாவின் பிரசவத்துக்கென்று மார்ச்சில் பெங்களூர் போனாய். குழந்தைக்கு மூன்று மாதம் ஆகிறது. எப்போது வருகிறாய் என்று நான் கேட்கவில்லை. கேட்கிறேன் என்று நினைத்துக்கொள்ளவும் வேண்டாம்.

விஷயம் சனிக்கிழமையைப் பற்றியது. நீ இல்லாவிட்டாலும் சனிக்கிழமை வந்துவிடுகிறது. ஃப்ரெடி, விநாயக், டென்சில் மூன்று பேரும் ஏழு மணிக்கு வந்து உட்கார்ந்துவிடுகிறார்கள். தங்கச் சுரங்கத்தை மூடிய பிறகு இருபது வருடம் பெங்களூர் ரயிலில் மடிமேல் துண்டை விரித்துச் சீட்டாடியவர்கள் நாங்கள். கொரோனாவில் அலுவலகங்கள் எங்களை வீட்டுக்கு அனுப்பியபோது, இந்த ஆட்டத்துக்குத் தன் வீட்டில் இடம் கொடுக்க என்னைத் தவிர யாருக்கு மனம் வந்தது? ஃப்ரெடி எங்கிருந்தோ போக்கரைக் கற்றுக்கொண்டு வந்து எங்களுக்குச் சொல்லிக் கொடுத்ததோடு சரி. ஒரு சனிக்கிழமை என் வீட்டுக்கு வாங்க என்று இந்த நாலு வருடத்தில் சொன்னதில்லை. அதை நான் மறந்துவிடவில்லை.

நீ போன புதிதில் ஆண்டர்சன்பேட்டையிலிருந்து குஷ்கா பொட்டலம் வாங்கி வந்தேன். சாப்பிட்டார்கள். போன வாரம் விநாயக் பொட்டலத்தைப் பிரித்து முகர்ந்து பார்த்துவிட்டு, "இன்னா அண்ணா, அக்கா எப்ப வர்றாங்க?" என்றான். நேற்று பரோட்டா. டென்சில் பாதியில் வைத்துவிட்டு, பல் வலி என்றான். உன் வடையைக் கடிக்கும்போது அவனுக்கு ஒருநாளும் இல்லாத பல் வலி.

எனக்குத் தெரிய வேண்டியது இவ்வளவுதான். அந்தக் கோழிக் குழம்புக்கு எதை முதலில் போடுவாய்? மசாலா டப்பா ஒன்றிலும் பெயர் இல்லை. எல்லாம் ஒரே பழுப்பு நிறம். ஒரு வீட்டை இப்படியா வைத்திருப்பது?

இந்த வருடம் சுரங்கக் கழிவைக் கொட்டிய சயனைடு மேட்டுத் தூசி அதிகம். ஜன்னல்களைச் சாத்தியே வைத்திருக்கிறேன்.

ஜெயகரன்


கிருஷ்ணராஜபுரம்
16 ஜூன்

லவினா அப்பாவுக்கு,

கடிதம் வந்தது. நலமா என்று அதில் ஒரு வார்த்தை இல்லை. நாங்கள் நலம். குழந்தை இப்போது ஆளைப் பார்த்துச் சிரிக்கிறாள். நீங்கள் கேட்கவில்லை, இருந்தாலும் சொல்கிறேன்.

கோழிக் குழம்புக்கு முதலில் எண்ணெய். அதற்கு மேல் எழுத எனக்கு இப்போது தெம்பில்லை. சீட்டாட வருகிறவர்களுக்குச் சோறு எதற்கு? மூன்று பேருக்கும் வீடு இருக்கிறது, வீட்டில் அடுப்பு இருக்கிறது, கேட்டால் போட ஆள் இருக்கிறது. சாப்பிட்டுவிட்டு வாங்க என்று சொல்லுங்கள். வந்தால் டீ கொடுங்கள். ரயிலில் ஆடினீர்களே, அப்போது யார் யாருக்கு ஆக்கிப் போட்டார்கள்? அவரவர் டிபன் பாக்ஸ் அவரவர் பையில். ஆட்டம் நன்றாகத்தானே நடந்தது?

டப்பாக்களில் பெயர் எழுதாதது உண்மை. எனக்குத் தெரியும் என்பதால் எழுதவில்லை. வேறு யாராவது திறப்பார்கள் என்று தோன்றியதில்லை.

பிரஷர் மாத்திரை அலமாரியில் மேல் தட்டில், பைபிளுக்குப் பின்னால். காலையில் போடுவது.

குழந்தை எழுந்துவிட்டாள்.

நேசமணி


சாம்பியன் ரீஃப்ஸ்
23 ஜூன்

நேசமணிக்கு,

சாப்பிட்டுவிட்டு வரச் சொல்ல வேண்டுமாம். தெரிந்துதான் எழுதினாயா?

ஊரிகத்தில் ஏனோக் மாமா வீடு எப்படிப்பட்டது என்று உனக்குத் தெரியும். அம்மாவின் அண்ணன், சுரங்கத்தில் ஃபோர்மேன், பெரிய கூடம், கூடத்தில் கேரம் பலகை. சின்ன வயதில் லீவு நாளில் அங்கே ஆடப் போவேன். பாதி ஆட்டத்தில் உள்ளேயிருந்து கறி வேகும் வாசம் வரும். உடனே அத்தை வாசற்படிக்கு வந்துவிடுவாள். "ஜெயா, உங்கம்மா தேடுவாங்க. போய் சாப்ட்டு வா கண்ணு." எவ்வளவு இனிமையாகச் சொல்வாள் தெரியுமா? ஸ்ட்ரைக்கரை வைத்துவிட்டு எழுந்திருப்பேன். வெயிலில் இங்கே வரை நடந்து, கஞ்சியைக் குடித்துவிட்டுத் திரும்பிப் போனால் என் இடத்தில் வேறொருவன் உட்கார்ந்திருப்பான். அத்தையின் அடக்கத்துக்குப் போனேன். அங்கே கொடுத்த காப்பியைத் தொடவில்லை. கொடுத்த பெண்ணுக்கு ஏன் என்று தெரியாது. எனக்குத் தெரியும், போதும்.

இந்த வீட்டுக்கு வந்தவன் பசியோடு போனதில்லை. எனக்கென்று மிஞ்சியிருக்கும் பெருமை அது ஒன்றுதான். சுரங்கம் போனது. எம்.ஏ. படித்தவன் அடுத்தவன் கணக்கை எழுதி எழுதியே ரயிலில் தேய்ந்தேன். மகள் என்னைக் கேட்காமல் கல்யாணம் செய்துகொண்டாள். இதையும் விட்டுவிடு என்கிறாய்.

ஆகவே நேற்று நானே சமைத்தேன். எண்ணெய் வரை உன் கடிதம் உதவியது. அதன் பிறகு என் சொந்த அறிவு. சோறு குழைந்துவிட்டது, சட்டியைக் கவிழ்த்தாலும் விழவில்லை. மூன்று பேரும் ஆளுக்கு ஒரு வாய் மென்றார்கள். பிறகு ஃப்ரெடி சொன்னான்: "அண்ணா, மைன்ஸ மூடும்போது இத கொஞ்சம் ஆக்கிக் குடுத்திருந்தா ஷாஃப்ட்டுக் குழிய அடைக்க மண்ணே தேவப்பட்டிருக்காது."

விநாயக் சிரித்ததில் அவனுக்குப் புரை ஏறியது. டென்சில்கூடச் சிரித்தான். நானும் சிரித்தேன். ஆனால் மனதில் குறித்துக்கொண்டேன்.

ஜெயகரன்


கிருஷ்ணராஜபுரம்
30 ஜூன்

லவினா அப்பாவுக்கு,

ஊரிகத்து அத்தை கதையைக் கல்யாணமான வாரத்திலிருந்து கேட்கிறேன். அந்தப் பையனை நினைத்து அப்போது அழுதிருக்கிறேன். இப்போது அழுகை வரவில்லை. களைப்புதான் வருகிறது.

வந்தவன் பசியோடு போனதில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். சரி. இருந்தவள்? சனிக்கிழமைகளில் நான் என்ன சாப்பிட்டேன் என்று உங்களுக்குத் தெரியுமா? நீங்கள் எல்லாரும் கை கழுவிய பிறகு, குழம்புச் சட்டியில் சோற்றைப் போட்டுத் துடைத்து, அடுப்பு மேடையில் சாய்ந்து நின்றுகொண்டு. பெருமை உங்களுடையது, கை என்னுடையது. காலையில் பள்ளிக்கூடம், மதியம் மார்க்கெட், சாயங்காலம் நாலு ஆண்களுக்குச் சோறு, மறுநாள் காலையில் சர்ச். பள்ளிக்கூட வேலையை விட்டு நின்ற பிறகாவது ஒரு சனிக்கிழமை சும்மா இருக்கலாம் என்று நினைத்தேன். "இப்பத்தான் உனக்கு நேரம் இருக்கே, பிரியாணி போட்டுடு" என்றீர்கள்.

பிப்ரவரியில் எனக்குக் காய்ச்சல். அன்றும் கோழி. "நேசமணி, உப்பு இன்னா லீவுல போயிடுச்சா?" என்று எல்லார் முன்னாலும் கேட்டீர்கள். டென்சில் அண்ணன் ஒருத்தர்தான், "எனக்கு பிரஷர்மா, இதுதான் எனக்கு சரி" என்று இரண்டாம் தடவை போட்டுக்கொண்டார்.

இன்னொன்று. நானும் இந்த ஆட்டத்தைக் கற்றுக்கொள்கிறேன் என்று ஒரு நாள் கேட்டேன். "அப்புறம் வடைய யாரு போடறது?" என்றீர்கள். மூன்று பேரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். மனதில் குறித்துக்கொள்ள எனக்கும் தெரியும்.

வடை என்றதும் சொல்கிறேன். கையில் நல்ல சீட்டு இருக்கும்போது நீங்கள் என்னைக் கூப்பிடுவதே இல்லை. வீடு நிசப்தமாக இருக்கும். கையில் ஒன்றும் இல்லாமல் பந்தயத்தை ஏற்றப் போகிறீர்களா, உடனே "நேசமணி, இன்னும் ரெண்டு வடை" என்று குரல் வரும். நான் தட்டோடு வருவதற்குள் முகத்தைச் சரிசெய்துகொள்வீர்கள். ஆட்டம் தெரியாத எனக்கே சுவருக்கு அந்தப் பக்கமிருந்து இது புரிந்தது. எதிரில் உட்கார்ந்திருப்பவர்களுக்குப் புரியாதா? கேட்டுப் பாருங்கள்.

இப்போது எனக்கும் ஆட்டம் தெரியும். ரூபேஷ் சொல்லிக் கொடுத்தார். நீங்கள் பேச்சு வைத்துக்கொள்ளாத மருமகன்தான். ஞாயிறு மதியம் குழந்தை தூங்கும்போது ஆடுகிறோம். போன வாரம் ஜெயித்தேன். டீ அவர் போட்டார்.

முக்கியமானதைக் கடைசியில் எழுதுகிறேன். லவினா ஆகஸ்டில் வேலைக்குத் திரும்ப வேண்டும். பக்கத்துத் தெருக் காப்பகத்தில் குழந்தைக்கு ஓர் இடம் சொல்லி வைத்திருக்கிறாள். நான் இருப்பதானால் அது வேண்டாம் என்கிறாள். இருப்பது என்றால், குழந்தை பள்ளிக்கூடம் போகிறவரை. "அங்க போயி இன்னாம்மா பண்ணப் போற, வடை சுடப் போறியா?" என்று கேட்கிறாள். மாதக் கடைசிக்குள் பதில் சொல்ல வேண்டும். நான் இன்னும் சொல்லவில்லை.

நேசமணி


சாம்பியன் ரீஃப்ஸ்
7 ஜூலை

நேசமணிக்கு,

வடை விஷயம் சுத்தக் கற்பனை. ஒரு மனுஷனுக்குப் பசித்தால் கேட்பான்.

நீ சொன்னதைத்தான் கடைசியில் செய்தேன். மூன்று பேருக்கும் வாட்ஸப்பில், "இந்த வாரம் முதல் சாப்பிட்டுவிட்டு வரவும்" என்று அனுப்பினேன். மூன்று பேரும் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டினார்கள். நேற்று மேஜையைத் துடைத்து, சோடா மூடிகளை நாலு குவியலாகப் பிரித்து, டீக்குத் தண்ணீர் வைத்துவிட்டு உட்கார்ந்திருந்தேன். தண்ணீர் சுண்டியது. மறுபடி ஊற்றினேன். ஒருவனும் வரவில்லை.

உனக்கு என் நன்றி. நாலு வருடமாகத் தெரியாதிருந்த ஒன்றைத் தெரியவைத்தாய். அவர்கள் வந்தது சோற்றுக்கு. உன் கைக்கு. எனக்காக ஒரு நாயும் வந்ததில்லை. காசு வைத்தா ஆடினோம், காசு தீர்ந்ததும் எழுந்து போக? வெறும் சோடா மூடி. அதற்குக்கூட என்னோடு உட்கார ஆளில்லை.

லவினாவிடம் காப்பகம் வேண்டாம் என்று சொல்லிவிடு. பேத்தி பள்ளிக்கூடம் போகட்டும், கல்லூரியும் போகட்டும். இந்த வீட்டுக்கு நான் ஒருவன் போதும்.

ஜெயகரன்


கிருஷ்ணராஜபுரம்
14 ஜூலை

லவினா அப்பாவுக்கு,

குழந்தைக்குத் தடுப்பூசி போட்டுக் காய்ச்சல். நாங்கள் மூன்று பேரும் மாற்றி மாற்றித் தூக்கிக்கொண்டு நடக்கிறோம். அதனால் சுருக்கமாக எழுதுகிறேன்.

நீங்கள் சொல்லச் சொன்னதை லவினாவிடம் சொல்லவில்லை. என் பதிலை நான்தான் சொல்வேன்.

ஏன் வரவில்லை என்று அவர்களைக் கேட்டீர்களா? டென்சில் அண்ணன் வீடு இரண்டு தெரு தள்ளித்தான். உங்கள் அத்தை வீட்டுக்கு அந்த வெயிலில் எத்தனை தடவை நடந்திருக்கிறீர்கள்.

மாத்திரை தீர்ந்திருக்கும். வாங்குங்கள்.

நேசமணி


சாம்பியன் ரீஃப்ஸ்
21 ஜூலை

நேசமணிக்கு,

குழந்தைக்குக் காய்ச்சல் விட்டதா? முதலில் அதை எழுது.

டென்சில் வீட்டுக்குப் போனேன். நீ சொன்னதற்காக அல்ல, மாத்திரை வாங்க அந்த வழியாகத்தான் போக வேண்டும். வாசலில் உட்கார்ந்து ரேடியோவை ரிப்பேர் செய்துகொண்டிருந்தான். என்னைப் பார்த்து எழுந்திருக்கவில்லை.

"இன்னாப்பா, வழி தெரிஞ்சுதா?" என்றான்.

"சனிக்கிழமை ஏன் வரல?"

"நீதான் வராதேன்னுட்டியே."

"நான் எப்ப சொன்னேன்?"

"சாப்ட்டு வான்னா வேற இன்னா அர்த்தம்? எந்த வூட்ல அத நிஜமா சொல்றாங்க? போயிடு, இன்னிக்கு வோணாம்னு மூஞ்சிக்கு நேரா சொல்ல முடியாம சொல்றது. சிஸ்டர் இல்ல, மனுசன் நொந்துபோயி ஆட்டத்த நிறுத்துறான், நாம போயி தொந்தரவு பண்ணக்கூடாதுன்னு நாங்களே பேசிக்கினோம். விநாயக் ஒருத்தன்தான், 'அண்ணனுக்கு நாம இன்னா தப்பு பண்ணோம்'னு கேட்டுக்கினே இருக்கான்."

எனக்கு ஊரிகம் ஞாபகம் வந்தது. அதற்கு மேல் அதைப் பற்றி எழுத மாட்டேன்.

உள்ளேயிருந்து பாக்கியவதி, "அண்ணே, சாப்ட்டுப் போங்க" என்றாள். அவர்கள் வீட்டில் அன்று கருவாட்டுக் குழம்பு. சாப்பிட்டேன். அது எப்படி வைப்பது என்று கேட்டேன். டென்சில் ரேடியோவைக் கீழே வைத்துவிட்டு என்னையே பார்த்தான்.

நேற்று மூன்று பேரும் வந்தார்கள். வீட்டில் சாப்பிட்டுவிட்டுத்தான் வந்தார்கள். டீ கொடுத்தேன். ஃப்ரெடி, "டீ உள்ள இறங்குது, அடைக்கல, பயமில்ல" என்றான். அவனை நான் மன்னிக்கவில்லை. ஆனால் ஆகஸ்டில் ஒரு சனிக்கிழமை அவன் வீட்டில் ஆடலாம் என்று அவனாகவே சொன்னான். இத்தனை நாள் ஏன் கூப்பிடவில்லை என்று கேட்டேன். "சிஸ்டர் போடற சாப்பாட்டுக்கு அப்புறம் எங்கூட்டு சாப்பாட்ட யாரு சாப்புடுவா? ஒய்ஃப் வோணாம்னுட்டா" என்றான். நாலு வருடமாக நான் சுமந்த கோபத்துக்கு இவ்வளவுதான் காரணம். எனக்கு ஏமாற்றமாகக்கூட இருந்தது.

இன்னொன்றும் நடந்தது. எழுத வேண்டாம் என்றிருந்தேன். மூன்றாவது ஆட்டத்தில் என் கையில் குப்பை. மேஜை நடுவில் மூடிகள் நிறையச் சேர்ந்துவிட்டன, விட மனமில்லை. ஏற்றலாம் என்று முடிவு செய்தேன். வாய் தானாகத் திறந்தது. "நேச..." என்று பாதி வந்துவிட்டது.

விநாயக் தன் சீட்டை நிமிர்த்திக்கூடப் பார்க்கவில்லை. "கூப்ட்டாரு. நான் ஏத்தறேன்" என்றான்.

"நானும்" என்றான் ஃப்ரெடி.

டென்சில் மட்டும் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். எத்தனை நாளாகத் தெரியும் என்று அவனைக் கேட்டேன். "ரயில்லயே தெரியும்பா. அப்ப தண்ணி பாட்டில கேப்ப."

சிரிப்பார்கள் என்று எதிர்பார்த்தேன். யாரும் சிரிக்கவில்லை. அடுப்படியில் விளக்கு இல்லை. நாலு பேரும் அந்தப் பக்கம் பார்த்துவிட்டு, பிறகு மேஜையைப் பார்த்தோம். நான் சீட்டைக் கவிழ்த்துவிட்டேன்.

மசாலா டப்பாக்களை ஒவ்வொன்றாக முகர்ந்து பெயர் எழுதி ஒட்டியிருக்கிறேன். ஒன்று மட்டும் புரியவில்லை. அதில் கேள்விக்குறி போட்டிருக்கிறேன். கருவாட்டுக் குழம்பு இந்த வாரத்தில் இரண்டு தடவை வைத்தேன். முதல் தடவை பூனை சாப்பிட்டது. இரண்டாவது தடவை நானும் சாப்பிட்டேன்.

காப்பக விஷயத்தில் நான் எழுதியதைத் திரும்ப வாங்கிக்கொள்ளும் வழக்கம் எனக்கில்லை. அது உனக்குத் தெரியும். படுக்கையறை நாற்காலியின் ஆடும் காலுக்கு ஆணி அடித்து, கூடத்து மேஜையருகில் போட்டிருக்கிறேன். இப்போது ஐந்து நாற்காலி. மூடிகளையும் ஐந்து குவியலாகப் பிரித்துப் பார்த்தேன். போதும்.

வரும் சனிக்கிழமை மூன்று பேரையும் சாப்பிட்டுவிட்டு வரச் சொல்லியிருக்கிறேன், வாட்ஸப்பில் இல்லை, முகத்தைப் பார்த்து. நீ சாப்பிடாமல் வா.

ஜெயகரன்


கிருஷ்ணராஜபுரம்
24 ஜூலை

லவினா அப்பாவுக்கு,

காய்ச்சல் விட்டுவிட்டது. கேட்டதற்குச் சந்தோஷம்.

காப்பகத்து இடத்தை வைத்துக்கொள் என்று லவினாவிடம் நேற்று சொன்னேன். முகம் சுண்டிவிட்டது. இரண்டு நாளில் சரியாகும். மாதத்தில் ஒரு வாரம் இங்கே வந்து இருப்பேன் என்று சொல்லியிருக்கிறேன். அந்த வாரத்திலும் சனிக்கிழமை வரும். அதை நீங்கள்தான் பார்த்துக்கொள்ள வேண்டும்.

கேள்விக்குறி போட்டது ஜாதிபத்திரி. கருவாட்டுக்குள் போட்டுவிடாதீர்கள்.

சனிக்கிழமை மதிய ரயிலில் ரூபேஷ் என்னைக் கொண்டுவந்து விடுகிறார். அவரும் சாப்பிட்டிருக்க மாட்டார். வாசலிலேயே நிறுத்தி அனுப்பிவிடாதீர்கள். ஆறாவது நாற்காலிக்கும் மூடி போதுமா என்று பாருங்கள். ஜன்னல்களைத் திறந்து வையுங்கள்.

பசியோடுதான் வருவேன். குழம்பில் உப்பு இல்லையென்றால் எல்லார் முன்னாலும் கேட்பேன்.

நேசமணி